பொருள்நோக்குச் செய்நிரலாக்கத்துக்கு முதல் நூல் எது?

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையின் தலைப்பை அறிவித்தபோது முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவர், “தம்பி, இது என்ன புதுச் சாஸ்திரம்?” என்று மெல்லக் கேட்டார். சாஸ்திரம் அறுபது ஆண்டுகள் பழையது. நமது மலைக்கு வந்ததுதான் புதிது. செய்நிரல் என்பது கணினி செய்யவேண்டிய வேலையை முறைப்படி எழுதிக் கொடுக்கும் எழுத்து. அதை எழுதும் முறைகள் பல. அவற்றுள் ஒன்று பொருள்நோக்கு முறை. இன்று கணினித் துறையில் வேலை தேடிப் போகிற பிள்ளைகளிடம் பெரும்பாலும் இதைத்தான் முதலிற் கேட்கிறார்கள். ஆகவே இதைப் பற்றிப் பெரியோர்களும் சிறிது கேட்டு வைத்தல் நலம். புத்தகத்துக்குக் காசு கொடுப்பவர்கள் நீங்களல்லவா?

இவ்வுரைக்குக் காரணமானவள் ஒரு பெண்பிள்ளை. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படித்துச் சித்தியடைந்து, மேலே படிக்க எண்ணியிருப்பவள். நமது நூலக அறைக்கு வந்து, “அண்ணே, பொருள்நோக்கு முறையைத் தொடக்கத்திலிருந்து படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்? அம்மா இந்த மாதச் சம்பளத்தில் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னார். ஒன்றுதான்” என்றாள். அந்த ‘ஒன்றுதான்’ என்ற சொல்லில் நாம் அகப்பட்டுக்கொண்டோம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021-ஆம் ஆண்டில் 1000 ரூபாவென நிர்ணயிக்கப்பட்டது. பின்னர் உயர்ந்திருக்கிறது. வெளிநாட்டு அச்சில் வரும் கணினி நூலொன்று எத்தனை நாட்பேருக்குச் சமம் என்பதைத் தாய்மார்களே கணக்கிட்டுக் கொள்ளலாம். அந்த ஒரு நூல் தவறிப்போனால் போவது காசு மட்டுமன்று. பிள்ளை நூலைக் குறைகூற மாட்டாள். “எனக்கு மூளை போதாது” என்று தன்னையே குறைகூறிக்கொண்டு, அந்தத் துறையையே விட்டுவிடுவாள். அப்படி விட்டுப்போனவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

நாமும் ஒருகாலத்தில் அந்தக் குழியில் விழுந்தவர்களே. கண்டியில் ஒரு கடையில் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலொன்றை, கனம் பார்த்து வாங்கினோம். நிறுத்து வாங்குவதற்கு அது என்ன கொழுந்தா? முதல் ஐம்பது பக்கம் இலக்கணம். அடுத்த ஐம்பது பக்கமும் இலக்கணம். ‘மரபுரிமம்’, ‘பல்லுருவாக்கம்’, ‘உறைபொதியாக்கம்’ என்னும் கலைச்சொற்களுக்கு ஆங்கிலத்தில் வரைவிலக்கணம் மனனம் செய்தோம். அவை எதற்காக வந்தன என்பது மட்டும் ஈராண்டுகள் வரை தெரியவில்லை.

அதை இங்கே, நமது மலைவழக்கிலேயே சொல்லிப் பார்ப்போம். பின்னர் எந்த நூல் நல்லது என்பது தானே விளங்கும்.

பெரட்டுக் களத்தையும் கொழுந்து நிறுக்கும் இடத்தையும் அறியாதவர் இந்த மண்டபத்தில் இல்லை. காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை. கிலோ எழுதுகிற புத்தகம் ஒன்று. பேர் போடுகிற செக்ரோல் ஒன்று. மேலதிகக் கிலோவுக்குக் கைக்காசு விகிதம் எழுதிய தாள் ஒன்று. மாத முடிவில் ஒருவர் அமர்ந்து மூன்றையும் புரட்டிச் சம்பளம் கணக்கிடுகிறார். பழைய முறையில் செய்நிரல் எழுதுவதும் இவ்வாறே. விபரங்கள் ஓரிடத்தில் கிடக்கும். அவற்றின்மேல் வேலை செய்யும் கட்டளைகள் வேறோரிடத்தில் இருக்கும். எந்தக் கட்டளையும் எந்த விபரத்தையும் மாற்றலாம். சிறு கணக்குக்கு இது போதும். ஆயிரம் பேருடைய தோட்டமானால், எந்தப் பேனை எந்த இலக்கத்தைத் திருத்தியது என்று தேடிக் களைத்துப் போவோம்.

எம் தாயாரின் கணக்கில் ஒருமுறை எட்டுக் கிலோ காணாமற் போயிற்று. எந்தத் தோட்டம், யார் எழுதினார் என்பது இப்போது வேண்டாம். நிறுத்த இடத்தில் இருந்த எட்டுக் கிலோ, சம்பளத் துண்டில் இல்லை. நடுவில் எந்தப் பக்கத்தில் போயிற்று என்று எவராலும் காட்ட முடியவில்லை.

இனி வேறுவிதமாக எண்ணுங்கள். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் அட்டை. அந்த அட்டை வெறும் கடதாசியன்று. தன் வேலையைத் தானே அறிந்த அட்டை. அதனிடம் மூன்றே காரியங்கள் சொல்லலாம்: இந்த நிறுவையைச் சேர்த்துக்கொள், இன்று எத்தனை கிலோ என்று சொல், இன்றைய கூலி எவ்வளவு என்று சொல். உள்ளே இருக்கும் கிலோவை வெளியிலிருந்து எவரும் பேனை வைத்துத் திருத்த முடியாது. நிறுவை என்ற வாசல் வழியாகத்தான் அது கூடும். தண்ணீருக்கும் சாக்குக்கும் கழிப்பதென்றாலும் அதே வாசலில், கண்ணெதிரே கழிக்கவேண்டும். இதுதான் உறைபொதியாக்கம். அச்சிட்ட வெற்றுப் படிவம் ‘இனக்குழு’. பெயர் எழுதி நிரப்பிய ஒவ்வோர் அட்டையும் ஒரு ‘பொருள்’. எட்டுக் கிலோ காணாமற் போனால், தேடவேண்டிய இடம் ஒன்றே.

மேலும் ஒரு படி. கொழுந்து பறிப்பவர், தொழிற்சாலையில் வேலை செய்பவர், கவ்வாத்து வெட்டுபவர் ஆகிய மூவரும் தொழிலாளரே. பெயர், இலக்கம், சேமலாப நிதிக் கணக்கு ஆகியவை மூவருக்கும் பொது. பொதுவானவற்றை ஒருமுறை எழுதி, மூன்று வகையாருக்கும் வழிவழியாகக் கொடுத்தால் அது மரபுரிமம். மூவரிடமும் “இன்றைய கூலி என்ன?” என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறோம், ஒருவர் கிலோவையும், ஒருவர் மணித்தியாலத்தையும், ஒருவர் வெட்டிய தூரையும் எண்ணி விடை சொல்கிறார். கேட்பவர் யார் எவ்வகை என்று பார்க்கவேண்டியதில்லை. இது பல்லுருவாக்கம்.

இம்முறை பிறந்த வரலாறும் இதற்குச் சான்று பகர்கின்றது. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில், நோர்வேக் கணினி நிலையத்தில், 1960-களில் கிறிஸ்டன் நிகார்ட், ஓலே யோஹான் டால் என்ற இருவர் ‘சிமுலா’ என்ற மொழியை அமைத்தனர். உலகத்தில் நடக்கும் காரியங்களைக் கணினிக்குள் போலச்செய்து பார்ப்பது அவர்கள் நோக்கம். 1967-இல் அமைந்த சிமுலாவில் இனக்குழுவும் பொருளும் மரபுரிமமும் வந்துவிட்டன. 1970-களில் அமெரிக்காவில் ஸெரொக்ஸ் ஆய்வு நிலையத்தில் அலன் கே என்பாரும் அவர் கூட்டத்தாரும் ‘ஸ்மோல்டோக்’ மொழியைச் செய்தனர். உயிரியல் படித்தவராகிய அவர், உடம்பின் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புவதுபோலப் பொருள்கள் செய்தி அனுப்பவேண்டும் என்று எண்ணினார். சி++, ஜாவா, பைதன் எல்லாம் பின்வந்தவை. ஆகவே, உலகத்துப் பொருளிலிருந்து தொடங்கிய முறை இது. உலகத்துப் பொருளைக் காட்டாமல் இதைக் கற்பிக்கப் புகும் நூல் தலைகீழாக நிற்கிறது.

நமது பெரியோர் நன்னூல் படித்தவர்கள். நூலுக்குப் பத்துக் குற்றமும் பத்து அழகும் உண்டென்று பவணந்தி முனிவர் வகுத்திருப்பதை அறிவீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வகுத்தது இந்தக் கணினி நூல்களுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்பதை நினைக்க எமக்கே வியப்பு. சொல்லவேண்டியதைக் குறைத்துச் சொல்லும் குற்றம் தேர்வுக் குறிப்பு நூல்களில் உண்டு. மிகைபடச் சொல்லும் குற்றம் நாம் கண்டியில் வாங்கிய நூலில் இருந்தது. படிப்போனை மயங்கவைத்தல் பல நூல்களில் உண்டு. அழகுகளுள் ஒன்று பொருளை விளக்கும் எடுத்துக்காட்டு உடைமை. முதல் நூலைப் பொறுத்தமட்டில் மற்ற ஒன்பதைச் சற்று விட்டுக்கொடுத்தாலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுத்தலாகாது என்பது எமது துணிபு.

எடுத்துக்காட்டு என்றதும் ஒரு முறைப்பாடு. மரபுரிமத்தைச் சொல்லவந்த பல நூல்கள் நாயையும் பூனையையும் பிடித்துக்கொண்டு வருகின்றன. விலங்கு என்பது பொது, நாய் குரைக்கும், பூனை கத்தும், பாடம் முடிந்தது! நாய் குரைக்கும் என்பதைக் கணினிக்கு எதற்குச் சொல்லவேண்டும் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டால் நூலிடம் விடையும் இல்லை. நல்ல நூல் இன்னொன்றும் செய்யும். எங்கே இந்த முறை பிழைக்கும் என்பதையும் காட்டும். காலையில் கொழுந்து பறித்து மாலையில் தொழிற்சாலைக்குப் போகும் ஒருவரை நமது அட்டையில் எவ்வகையில் சேர்ப்பது? மூன்று வகையாகப் பிரித்தோமே, அவர் எந்த வகை? இங்கே மரபுரிமம் கைகொடாது. வேலை என்பதைத் தனிப் பொருளாக்கி, ஆள் அந்த வேலைகளை ஏற்றுக்கொள்வதாக அமைக்கவேண்டும். 1994-இல் நான்கு ஆசிரியர்கள் எழுதிய ‘டிசைன் பட்டர்ன்ஸ்’ என்ற புகழ்பெற்ற நூல் வற்புறுத்தும் கருத்துகளில் இதுவும் ஒன்று. ஆனால் அந்த நூலை முதல் நூலாக வாங்கவேண்டாம். இருபத்துமூன்று அமைப்புகளைச் சொல்லும் அது, சில ஆண்டு எழுதிப் பழகியவருக்கு உரியது. பெயர் பெரிதென்று கேட்டு வாங்கி, அலுமாரியில் பூட்டிவைத்தவர் பலர்.

இனி, அந்தப் பிள்ளைக்காக நாம் கூடிப் பார்த்த நூல்களைச் சொல்வோம்.

டேவிட் பார்ன்ஸ், மைக்கேல் கோலிங் இருவர் எழுதிய ‘ஒப்ஜெக்ட்ஸ் பர்ஸ்ட் வித் ஜாவா’ எமக்கு மிகப் பிடித்தது. பொருளை முதலிலேயே கையில் கொடுத்துவிடுவது அதன் முறை. ‘புளூஜே’ என்னும் இலவச மென்பொருளில் இனக்குழுக்கள் பெட்டிகளாகத் தெரியும். அவற்றிலிருந்து பொருளை உண்டாக்கினால் கீழே வரிசையாக வந்து நிற்கும். சொடுக்கி ஒவ்வொன்றிடமும் வேலை சொல்லலாம். ஒரு வரி எழுதுமுன்னரே பொருள் என்றால் என்னவென்று கண்ணால் காணலாம். இரண்டாம் அத்தியாயத்தில் பயணச்சீட்டு வழங்கும் இயந்திரமொன்று வருகிறது. அந்த இயந்திரம் அப்பாவி. போதிய காசு போடாவிட்டாலும் சீட்டைக் கொடுத்துவிடும். அதைத் திருத்துவது படிப்பவனின் வேலை. குறையுள்ள பொருளைக் கொடுத்துத் திருத்தச் சொல்வதைப்போல் கற்பிக்கும் வழி வேறில்லை. அட்டையில் எட்டுக் கிலோ தொலைத்தவர்களுக்கு இந்த அத்தியாயம் உடனே விளங்கும். விலைதான் அதிகம், பழைய பதிப்பானாலும் பெரும்பகுதி பயன்படும்.

கேத்தி சியேரா, பேர்ட் பேட்ஸ் எழுதிய ‘ஹெட் பர்ஸ்ட் ஜாவா’ 2003-இல் வந்தது. மூன்றாம் பதிப்பு 2022-இல் வெளியாயிற்று. படமும் உரையாடலும் விளையாட்டுமாகச் செல்வது. இரண்டு செய்நிரலாளர் போட்டியிடும் கதையொன்று அதன் தொடக்கத்தில் உண்டு. சதுரம், வட்டம், முக்கோணம் ஆகியவற்றைச் சுழற்றவேண்டும். எழுதி முடித்த பிறகு, அமீபா வடிவமும் வேண்டும் என்று முதலாளி சொல்லிவிடுகிறார். பழைய முறையில் எழுதியவர் முன்பு எழுதியதைக் கலைக்கிறார். மற்றவர் புதிதாக ஒன்றை எழுதிச் சேர்க்கிறார். எதற்காக இந்த முறை என்பதற்கு இதைவிட நல்ல விடை நாம் காணவில்லை. ஆயினும் அதன் பகிடிகள் அமெரிக்கப் பகிடிகள். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு, பாடத்தைவிடப் பகிடி கடினமாக இருக்கும்.

அலன் டவுனி எழுதிய ‘திங்க் பைதன்’ இலவசமாகக் கிடைப்பது. நமது உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் இருப்பதால், அதைப் படித்து வந்த பிள்ளைக்கு மொழி புதிதாகத் தோன்றாது. இரண்டாம் பதிப்பில் பதினைந்தாம் அத்தியாயம் முதல் பொருள்நோக்கு முறை தொடங்குகிறது. புள்ளி, செவ்வகம், நேரம் என்று சென்று, சீட்டுக்கட்டில் வந்து மரபுரிமத்தைச் சொல்கிறது. சீட்டுக்கட்டு என்றதும் பெரியோர்கள் முகம் சுளிக்கவேண்டாம். அதில் காசு வைத்து ஆடவில்லை. எழுத்து சுருக்கம், தெளிவு. ஒரே நேரத்தில் பலவற்றைத் திணிப்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த ஈ. பாலகுருசாமி அவர்களின் சி++ நூலைப் பற்றிக் கேட்பீர்கள். இந்தியாவிலும் இங்கும் எத்தனையோ மாணவர் அதைக்கொண்டு தேர்வெழுதினர். மலிவு, ஒழுங்கு, பயிற்சி நிறையவுண்டு. ஆனால் வரைவிலக்கணம் முன்னும் எடுத்துக்காட்டுப் பின்னுமாகச் செல்வது. ஆகவே இரண்டாம் நூலாக, தேர்வுக்குமுன் வைத்துக்கொள்ளத்தக்கது என்போம். இது எமது அபிப்பிராயம்; அந்நூலால் வாழ்வு பெற்றவர்கள் சபையில் இருந்தால் மறுக்கலாம்.

பழைய நூல்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நமது நூலகத்துக்கு ஒருவர் அன்போடு கொடுத்த பழைய சி++ நூலை வைத்துக்கொண்டு தம்பி ஒருவன் மூன்று மாலை போராடினான். நூலில் உள்ளபடியே தட்டச்சுச் செய்தான். கணினி ஏற்க மறுத்தது. மூன்றாம் நாள்தான் கண்டோம்: தலைப்புக் கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘.எச்’ என்ற வால் இருந்தது. 1998-இல் அம்மொழிக்கு நியமம் வகுத்தபோது அந்த வாலை வெட்டிவிட்டார்கள். இக்காலத்து மென்பொருள்கள் அதை ஏற்பதில்லை. பைதன் நூலானால், ‘பிரின்ட்’ என்ற சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் அது இரண்டாம் பைதனுக்கு எழுதியது. அதற்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு ஜனவரியோடு நின்றுவிட்டது. நூல் கொடையளிப்போர் இதைக் கேட்டு மனம் வருந்தவேண்டாம். கொடுங்கள், முதற்பக்கத்தில் அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

தமிழில் இல்லையா என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. உண்டு. தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2018-இல் புதிதாக எழுதப்பட்டது. சி++ வழியாகப் பொருள்நோக்கு முறை முழுதும் தமிழில் இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைதன். இரண்டையும் இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். கணியம் என்ற அமைப்பாரும் 2012 முதல் எளிய தமிழில் கணினி நூல்களை இலவசமாக வெளியிட்டு வருகின்றனர். சொற்கள் மட்டும் சற்று வேறுபடும். நாம் செய்நிரலாக்கம் என்பதை அவர்கள் நிரலாக்கம் என்பார்கள். இன்று நாம் சொன்ன இனக்குழுவும் மரபுரிமமும் அவர்கள் பாடநூலிலிருந்து எடுத்தவையே. ஆயினும் வெளிவாரிப் பட்டத்துக்கோ வேலைக்கோ செல்பவர் ஆங்கில நூலைத் தவிர்க்க இயலாது. தமிழ் நூலில் கருத்தைப் பிடித்து, ஆங்கில நூலில் பயிற்சி செய்தல் நமது பிள்ளைகளுக்கு ஏற்ற வழி. ஆங்கிலம் வராததைக் கணக்கு வராததாக எண்ணி மயங்கியவர் எத்தனை பேர்!

இவ்விடத்தில் ஒரு பழைய செய்தி. 1998-ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோவின் உதவியோடு கொத்மலைச் சமூக வானொலியில் இணையத் திட்டமொன்று நடந்தது. ஊரார் கேள்விகளை அனுப்புவார்கள்; நிலையத்தார் இணையத்தில் தேடி, கிடைத்த விடையை வானொலியில் விளக்குவார்கள். வீட்டில் கணினியைக் கண்டிராத காலத்தில், நடுவில் ஒருவர் அமர்ந்து எடுத்துச் சொன்னதால் விடை வீடுவரை போயிற்று. உலகமெங்கும் அறிஞர் அதைப்பற்றி எழுதினார்கள். கணினி நூலுக்கும் நடுவில் ஓர் ஆள் இருந்தால் பாதி ஆங்கிலம் தானே விலகிவிடும்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்ன விடை இது. அம்மாவின் காசை இப்போது செலவழிக்கவேண்டாம். ‘திங்க் பைதன்’ நூலின் பதினைந்தாம் அத்தியாயத்தை இலவசமாக எடுத்து, மூன்று வாரம் செய்துபார். பைதனை இயக்கும் செயலிகள் கைபேசிக்கும் உண்டு. பிறகு கொழுந்து அட்டையை நீயே எழுது. எழுத வந்தால் நூல் வென்றது. வராவிட்டால் நூலை மாற்றுவோம்; உன்னை நீ குறைசொல்லவேண்டாம். சேரப்போகும் படிப்பு ஜாவாவைக் கேட்டால், அப்போது அந்தக் காசில் பார்ன்ஸ், கோலிங் நூலை வாங்கு. கடையில் வாங்குமுன் இனக்குழுவைச் சொல்லும் முதல் அத்தியாயத்தை நின்றபடியே படித்துப் பார். அங்கே நாயும் பூனையும் மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வா.

அவள் மூன்று வாரம் கழித்து வந்தாள். அட்டை எழுதியிருந்தாள்; நிறுவை சேர்கிறது, கூலி வருகிறது. அதன்பின் அவளே ஒரு கேள்வி கேட்டாள்: “அண்ணே, நிறுவையில் கழிவு கழித்தால், கழித்தது யார், எவ்வளவு என்பதையும் அட்டை நினைவில் வைத்திருக்க வேண்டாமா?” நாம் இதுவரை படித்த எந்தத் தொடக்க நூலிலும் அந்தக் கேள்வி இல்லை. அவளும் நாமும் சேர்ந்து அதை எழுதிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடியவில்லை.

செயற்குழு இணங்கியபடி பார்ன்ஸ், கோலிங் நூலின் ஒரு பிரதி சங்க நூலகத்துக்கு வாங்கப்படுகிறது. அதை வீட்டுக்குக் கொண்டுபோக இரவல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நூலக அறையில் கூடிப் படிப்போம். சீட்டு இயந்திரத்திலிருந்து தொடங்குவோம். கணினி இரண்டே உள்ளன. மின்சாரம் நின்றால் கடதாசியில் அட்டை எழுதுவோம். தாய்மார்கள் பழைய சம்பளத் துண்டுகள் வைத்திருந்தால் கொடுத்தனுப்புங்கள். பிள்ளைகள் கணக்கைச் சரிபார்க்கத் தேவைப்படும்.